நாய்ப் பெட்டியில் வந்த சேதி

நாய் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. தங்கச்சிமடத்து லீமாரோஸுக்கு வந்த சேதி அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில் அவள் வாசலில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ஹமீது சுல்தான் வந்தார். மேலே என்றால் வானத்திலிருந்து இல்லை, பாம்பனிலிருந்து. தீவுக்காரர்களுக்கு மேற்கே இருக்கிற பாம்பன் 'மேல', கிழக்கே இருக்கிற ராமேஸ்வரம் 'கீழ'. தரை என்னவோ பாய் விரித்த மாதிரி ஒரே மட்டம்தான். ஏறவும் ஒன்றுமில்லை, இறங்கவும் ஒன்றுமில்லை. ஆனாலும் மேல போறேன், கீழ போறேன் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் திரிவார்கள். அதில் ஒரு மனுசன் உயிருக்கே வினை வரும் என்று யார் கண்டது?

ஹமீது சுல்தான் பாம்பன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கிட்டங்கி வைத்திருப்பவர். லீமாரோஸின் புருஷன் கில்பர்ட் அவரிடம்தான் சரக்கு எடுத்து, போடிக்கு மேற்கே இருக்கிற மலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விற்பான். அவர் கையில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் சுக்கான், கில்பர்ட்டின் செவலை நாய். வாலை ஆட்டவில்லை. லீமாரோஸைப் பார்த்ததும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

"இவுக எங்கன காக்கா?" என்றாள். அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"தங்கச்சி, பதறாத. ரயிலு வந்துச்சு. கார்டு நாய்ப் பெட்டியத் தொறந்தாரு. இது குதிச்சு எறங்குச்சு. மாப்பிள்ளையைக் காணோம். நானே பெட்டி பெட்டியா ஏறிப் பாத்துட்டேன்."

லீமாரோஸின் கையில் அள்ளிய நெத்திலி அள்ளியபடியே நின்றது.

நடந்தது இதுதான். கில்பர்ட் மலைக்குப் போகும்போதெல்லாம் சுக்கானுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து, கார்டு வண்டியில் இருக்கிற நாய்ப் பெட்டியில் ஏற்றிவிட்டு, தான் மூன்றாம் வகுப்பில் ஏறிக்கொள்வான். போடியிலிருந்து பாம்பன் வரைக்கும் அந்த நாயைத் தெரியாத ரயில்காரர் கிடையாது. இந்தத் தடவை போடி ஸ்டேஷனில் நாய் தானாக வந்து பெட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறது. 'ஆள் முன்னாடியே ஏறியிருப்பார்' என்று கார்டு கதவைத் திறந்துவிட்டார். மதுரையில் வண்டி மாறும்போது, 'கருவாட்டுக்காரர் நாய்' என்று சொல்லி அடுத்த கார்டிடம் ஒப்படைத்துவிட்டார். ஆளைத் தேட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. யாரைக் குற்றம் சொல்ல? பழகின நாய், பழகின பெட்டி.

கில்பர்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்த அந்த மனுசனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. தோணியில் கால் வைத்தால் போதும், குடலே வெளியே வந்துவிடுகிற மாதிரி வாந்தி. ஊர் அவனுக்குக் 'கரைக் கில்பர்ட்டு' என்று பேர் வைத்துச் சிரித்தது. பாம்பன் கரையில் வலைக்குவியலுக்குள் கிடந்த குட்டியை எடுத்து வந்தானே, அதுவும் எசமானைப் போலவே அமைந்தது. தோணியைக் கண்டால் ஊளையிடும். தோணியைத் திருப்புகிற சுக்கானின் பேரை அதற்கு வைத்தது ஊர்க்காரர்களின் குசும்பு. கடலை வெறுத்த இரண்டு பேரும் ஜோடி சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். நடந்து நடந்து கடைசியில் மலையில் போய் நின்றார்கள்.

மலை என்றால் தீவில் ஒன்று உண்டு. ராமர் பாதம் இருக்கிற மணல் மேடு, அதற்குப் பேர் பர்வதமாம்! கில்பர்ட் முதல் தடவை போடிக்குப் புறப்படும்போது, "மலை என்ன பெரிய மலை, நம்ம பர்வதத்துல ஏறாத காலா?" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். திரும்பி வந்தவன் ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை. மேகத்துக்குள்ளே நடந்தேன் என்பான். சுக்கான் காட்டு எருமையைப் பார்த்துக் குரைத்தது, எருமை திரும்பிப் பார்த்தது, நாங்கள் இரண்டு பேரும் மரத்துக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றோம் என்பான். அருவித் தண்ணீரில் பல் கிட்டிப் போயிற்று என்பான். லீமாரோஸ் வாயைப் பிளந்து கேட்பாள்.

"என்னையும் ஒருவாட்டி கூட்டிட்டுப் போங்களேன்."

"பொம்பளைக்கு மலை தாங்காதுடி. மூச்சு முட்டும்."

"நாய்க்குத் தாங்குதாக்கும்?"

அவன் சிரித்து மழுப்புவான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஒன்று, அவனும் நாயும் ஊரைச் சுற்றுவார்கள். இல்லாவிட்டால் அவனும் நாயும் மலையில் இருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் தனியாக உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அந்த வயிற்றெரிச்சல் முழுக்க நாய் மேல்தான் போகும். "என் சக்களத்தி வந்துட்டா பாரு" என்று சொல்லித்தான் சுக்கானுக்குச் சோறு வைப்பாள்.

அந்தச் சக்களத்திதான் இப்போது தனியாக வந்து காலடியில் படுத்துக் கிடந்தது.

"ஆள் அனுப்பித் தேடச் சொல்றேன் தங்கச்சி. நீ கோயில்ல மெழுகுதிரி ஏத்து" என்றார் ஹமீது சுல்தான்.

"ஆளு வேணாம் காக்கா. நான் போறேன்."

"யா அல்லாஹ்! நீயா? பாம்பன் பாலத்தைத் தாண்டியிருக்கியா நீ?"

"இது தாண்டியிருக்குல்ல" என்று நாயைக் காட்டினாள். "இதுக்குத் தெரிஞ்ச வழி எனக்குத் தெரியாமப் போயிருமா?"

சொல்லிவிட்டாளே ஒழிய உள்ளுக்குள் நடுங்கித்தான் போனாள். பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, 'மாதாவே, என் தாலிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது' என்று ஜெபமாலையை உருட்டினாள். மதுரையில் கூட்டத்தைப் பார்த்து மிரண்டாள். மறுநாள் போடியில் இறங்கி வெளியே வந்ததும் மேற்கே நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வானம் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணும் மரமும் நின்றன! "ஏசுவே, இதுலயா ஏறுனாக?" என்று நாயைப் பார்த்துக் கேட்டாள். சுக்கான் கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தது.

மலையடிவாரத்தில் இருக்கிற குரங்கணியில் கழுதைக்காரர் கூத்தையாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நாயே அவர் கொட்டகைக்குக் கூட்டிப் போய்விட்டது. கில்பர்ட்டின் கருவாட்டு மூட்டைகளைத் தன் கழுதைகள் மேல் ஏற்றி மலைக்குக் கொண்டுபோகிறவர் அவர். பிறந்ததும் வளர்ந்ததும் அந்த மலையில்தான். நாயைக் கண்டதும் ஓடி வந்தார், பின்னால் நின்ற பொம்பளையைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நாயும் ஆளும் சேந்து ஊருக்குப் போயிருப்பாகன்னு நெனைச்சுக் கொஞ்சம் நிம்மதியா இருந்தேனே தாயி! அப்ப அவரு வரலையா?"

"வரலைய்யா. என்னதான் நடந்துச்சு?"

கூத்தையா சொன்னார். மேலே ஏலத்தோட்டத்தில் கில்பர்ட் கருவாடு விற்றுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யானை இறங்கிவிட்டது. விரட்டுவதற்கு வெடி போட்டார்கள். வெடிச் சத்தம் பழகாத நாய், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கில்பர்ட் தோள்பையோடு அதைத் தேடிக்கொண்டு ஓடினான். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. இறங்குகிற பாதை முழுக்க, இரண்டு பக்கத்துச் சரிவிலும் ஆட்களை விட்டுத் தேடியாயிற்று. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

"சிறுத்தை கிறுத்தை..." என்று ஆரம்பித்த கூத்தையா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

லீமாரோஸ் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் நிஜம். "என்னைய அங்கன கூட்டிட்டுப் போங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஏற்றத்தைப் பற்றி அவள் பிற்பாடு ஊரில் சொல்லாத நாளில்லை. மூச்சு முட்டும் என்று புருஷன் சொன்னது பொய்யில்லை. கால் கட்டைவிரல் கல்லில் இடித்து ரத்தம் கசிந்தது. அதை விடக் கொடுமை அட்டை. கெண்டைக்காலில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருக்கிறதே என்று குனிந்து பார்த்தவள், அது நெளிவதைப் பார்த்து அலறிய அலறலில் கழுதைகள் மிரண்டன. கூத்தையா சுண்ணாம்பைத் தடவி உதிர்த்துவிட்டார். பாதி மலையில் திரும்பிப் பார்த்தபோது, ஏறி வந்த பாதையைக் காணவில்லை. மேகம் அவள் காலுக்கு அடியில் கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் தலை சுற்றி, பக்கத்தில் நின்ற நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் சக்களத்தி என்று திட்டிய நாயை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. அது அவள் முகத்தை நக்கியது. அவளும் விலக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் சோணையம்மாள் என்கிற காய் பறிக்கிறவள் இருந்தாள். லீமாரோஸைப் பார்த்ததும் அவள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ தாயி, அந்தக் கருவாட்டுக்காரரு கடைசியா எங்கிட்டதான் பேசுனாரு. சுக்கானப் பாத்தியா, சுக்கானப் பாத்தியான்னு பதறிக்கிட்டு வந்தாரு. கீழ ஓடிருச்சுன்னேன். திரும்பிப் பாக்காம ஓடுனாரு மனுசன்."

லீமாரோஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சொன்ன? எங்க ஓடுச்சுன்ன?"

"கீழ."

"கீழன்னா?"

இதென்ன கேள்வி என்பது மாதிரி சோணையம்மாள் முழித்தாள். கையை இறக்கத்தைப் பார்த்து நீட்டி, "கீழன்னா கீழதான். அந்தா, தெக்க, எறக்கத்துல, குரங்கணிப் பாதையில" என்றாள்.

"பாவிகளா!" லீமாரோஸ் போட்ட கூச்சலில் லயமே வெளியே வந்துவிட்டது. "எங்க ஊர்ல கீழன்னா கெழக்குய்யா! கெழக்கு! பொழுது மொளைக்கிற பக்கம்! அவுக கெழக்காமப் போயிருக்காக!"

இத்தனை வருஷம் மலைக்குப் போய் வந்தவனுக்கு அது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், நன்றாகவே தெரியும். நிதானமாக இருக்கும்போது தெரியும். பதறும்போது மனுசனுடைய காதும் நாக்கும் பிறந்த ஊருக்குத்தான் ஓடும். சுக்கானைக் காணோம் என்று அவனுக்குப் புத்தி கலங்கியிருந்தது. கீழ என்ற சொல் காதில் விழுந்ததும் கால் கிழக்கே திரும்பியிருக்கிறது.

கூத்தையா கிழக்கே திரும்பிப் பார்த்தார். "அந்தப் பக்கம் பாதையே கெடையாதே தாயி. பாறைச் சரிவு. நாங்களே போக மாட்டோம். அதான் அங்கிட்டுத் தேடல" என்றார். உடனே போகலாம் என்று அவள் குதித்தாள். பனி இறங்கிவிட்டது, இருட்டில் போனால் நாமும் திரும்ப மாட்டோம் என்று பிடித்து நிறுத்தினார்கள்.

விடியும்போது கூத்தையாவும் இன்னும் சில ஆட்களும் கயிறு, அரிவாளோடு புறப்பட்டார்கள். சுக்கானின் கயிறு லீமாரோஸ் கையில். பனிமூட்டம் கண்ணை மறைத்தது. முன்னால் போகிறவர் முதுகுகூட மங்கலாகத்தான் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் நாய் மூக்கைத் தூக்கியது. அப்புறம் இழுத்தது பாருங்கள் ஒரு இழுப்பு! மனுச மூக்குக்கே மறுநாள் வரைக்கும் தெரிகிற வாடை கருவாட்டு வாடை, நாய் மூக்குக்குக் கேட்கவா வேண்டும்? ஆட்களெல்லாம் பின்தங்கிவிட, நாய் இழுத்த இழுப்புக்கு லீமாரோஸ் புதரையும் முள்ளையும் மிதித்துக்கொண்டு ஓடினாள்.

ஓரிடத்தில் நாய் சட்டென்று நின்றது. தலையைத் தாழ்த்தி முனகியது.

"ஏங்க! இருக்கீகளா? எங்கன இருக்கீக?" லீமாரோஸ் தொண்டை கிழியக் கத்தினாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தேய்ந்து போன குரல். ஆனால் அவனுடைய குரல்.

"கீழ... கீழ இருக்கேன்..."

உயிரோடு இருக்கிறான்! அவளுக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. கீழ என்றானே, கீழ. எதிரே பனிக்குப் பின்னால் சூரியன் மஞ்சளாக மங்கித் தெரிந்தது. அதுதான் கிழக்கு, அதுதான் கீழ. ராத்திரி அத்தனை பேரைத் திட்டினவள், விடிந்ததும் தானே மறந்தாள். சூரியனைப் பார்த்து நேராக அடி எடுத்து வைத்தாள்.

பின்னாலிருந்து சேலை வெடுக்கென்று இழுபட்டது. சுக்கான் கொசுவத்தைக் கவ்விக்கொண்டு பின்னங்காலை ஊன்றி இழுத்தது. "விடு சனியனே!" என்று திமிறினாள். அது விடவில்லை. சேலை கிழிகிற சத்தம் கேட்டது. மல்லாந்து விழுந்தாள்.

விழுந்தபோது அவள் கால் பட்ட கல் ஒன்று உருண்டது. அது எங்கேயாவது மோதுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவே இல்லை. காற்று அடித்துப் பனி விலகியது. அவள் குதிகாலுக்கு அப்பால் தரையே கிடையாது. ஆகாயம்தான் இருந்தது. வெகு ஆழத்தில் மரங்கள் புல்லாகத் தெரிந்தன.

ஓடி வந்த கூத்தையா அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்மாடி... ஒரு எட்டு தாயி... ஒரே எட்டு..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். லீமாரோஸ் இரண்டு கையாலும் நாயை இறுக்கிக்கொண்டு கிடந்தாள்.

சுக்கானுக்கு மேற்கும் தெரியாது, கிழக்கும் தெரியாது. அது அவள் பிடியிலிருந்து நழுவி, ஓரமாக இருந்த ஒரு வெடிப்பு வழியாக மெல்ல மெல்ல இறங்கிப் போய்க் குரைத்தது. பாறைக்கு அடியில் ஒரு திட்டு இருந்தது. அதில் கால் முறிந்து கிடந்தான் கில்பர்ட். தோள்பையில் இருந்த வெறும் கருவாட்டைத் தின்று, பாறையில் கசிகிற தண்ணீரை நக்கி உயிரைப் பிடித்து வைத்திருந்தான். கயிறு கட்டி மேலே தூக்கினார்கள்.

கண் குழி விழுந்து, தாடியும் மண்ணுமாக வந்த மனுசன் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"சுக்கான் கெடைச்சிருச்சா?"

லீமாரோஸுக்கு வந்ததே கோபம்! பாலம் தாண்டி, மலை ஏறி, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவள் முன்னால் நிற்கிறாள், இவன் நாயைக் கேட்கிறான்.

"நான் வந்திருக்கேன்யா! ஒன் பொண்டாட்டி வந்திருக்கேன்! கண்ணு தெரியுதா இல்லையா?" என்று அவன் தோளில் அடித்தாள். இன்னொரு அடி அடித்தாள். மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியவள் அப்படியே அவன் மேல் விழுந்து, அத்தனை நாளும் வராத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள்.

கில்பர்ட் அவளைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான். "லீமா... நீயா? நீ எப்படி ஏறுன?" என்றான். பாறையிலிருந்து விழுந்தபோதுகூட அவன் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டான்.

கம்பளியில் தூளி கட்டி அவனை இறக்கினார்கள். கால் கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. வைத்தியர் மலையைக் கனவில்கூட நினைக்காதே என்றுவிட்டார். கடலும் இல்லை, இனி மலையும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். லீமாரோஸ் ஒரு நாள் பாம்பனுக்குப் போய் ஹமீது சுல்தானிடம் சரக்குக் கேட்டாள்.

"யாருக்குத் தங்கச்சி?"

"எனக்குத்தான் காக்கா. மலையில கேக்குறாகல்ல?"

தங்கச்சிமடம் கொதித்தது. பொம்பளை தனியாக மலைக்குப் போவதா, அதுவும் ஒரு நாயை நம்பியா என்றது. வேண்டாம் என்று கோயிலில்கூடச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோரும் கில்பர்ட் என்ன சொல்வான் என்று அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தான். சுக்கானின் கழுத்துக்குப் புதுக் கயிறு திரித்துக் கட்டினான். பாம்பன் ஸ்டேஷன் வரைக்கும் நொண்டி நொண்டி வந்தான்.

நாய் தானாகப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றது. கார்டு இந்தத் தடவை, "ஆளு ஏறியாச்சா?" என்று கேட்டு, லீமாரோஸின் முகத்தை ஜன்னலில் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தார். கில்பர்ட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வந்தவன்தான். கண் கலங்கி, வாயில் வந்தது ஒன்றே ஒன்று.

"பாத்துப் போ லீமா. கீழ பாத்து நட."

"எந்தக் கீழ?" என்றாள் லீமாரோஸ்.

பாறைத் திட்டில் பட்ட அத்தனையும் கில்பர்ட் முகத்தில் ஒரு தடவை வந்து போயிற்று. அப்புறம் சிரித்துவிட்டான். சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் வந்துவிட்டது.

"எந்தக் கீழயா இருந்தாலும் சரிடி. நாயி சொல்றதக் கேளு."